ந.க. எண் இல்லாத ஆணைகள்

தமிழ்நாட்டில் எந்த அரசு அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தை எடுத்தாலும், அதன் தலைப்பகுதியில் ‘ந.க. எண்’ என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். சென்னை மாகாண நாட்களில் வகுக்கப்பட்டு, டாட்டன்ஹாம் முறை என்று இன்றும் வருவாய்த் துறையினர் அழைக்கும் அலுவலக நடைமுறையின் தொடர்ச்சி அது. வருகிற தபால் முதலில் பதிவாகி எண் பெறும். பின் உரிய உதவியாளரின் தன்பதிவேட்டில் ஏறும். அதன்மீது எழுதப்படும் குறிப்பு, மேலதிகாரி இடும் உத்தரவு, வெளியே போன கடிதம், திரும்பி வந்த பதில் எல்லாம் அந்த ஒரே எண்ணின் கீழ் சேரும். கோப்பு முடிந்தபின் அதை எத்தனை காலம் காப்பது என்பதும் முடிக்கும் வகையிலேயே குறிக்கப்பட்டுவிடும். மந்தமான முறை என்று இதைப் பழிக்காதவர் இல்லை. ஆனால், ஒரு முடிவை யார், எந்த நாளில், எதன் அடிப்படையில் எடுத்தார் என்பதை அந்த நாற்காலிக்குப் புதிதாக வந்தவரும் கண்டுபிடிக்க முடியும் என்பது அதன் பலம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்று அன்றாடப் பணியின் பெரும்பகுதி நகர்வது வாட்ஸ்அப் குழுக்களில். கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு குழு, ஊராட்சிச் செயலர்களுக்கு ஒன்று, தலைமை ஆசிரியர்களுக்கு ஒன்று. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி அலுவலர்களுக்கு, மழை வந்தால் நிவாரணப் பணிக்கு என்று குழுக்கள் முளைக்கின்றன. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகளின் நிலையும் இதுதான். இந்தக் குழுக்கள் வேகத்தைக் கொண்டுவந்தன என்பதில் ஐயமில்லை. அவை நினைவைக் கொண்டுவரவில்லை என்பதும், அந்தக் குறையின் விலை உடனே தெரியாமல் மாதங்கள் கழித்தே தெரியும் என்பதும்தான் இங்கே விளக்கப்பட வேண்டியவை.

நிறுவனங்களுக்குள் சமூக ஊடகக் கருவிகளைப் பயன்படுத்தும் எண்ணம் இருபது ஆண்டுப் பழையது. 2006 இல் ஆண்ட்ரூ மெக்காஃபி என்ற ஆய்வாளர் அதற்கு ‘எண்டர்பிரைஸ் 2.0’ என்று பெயரிட்டு எழுதியபோது, அலுவலகத் தொடர்புக் கருவிகளை இரண்டு வகையாகப் பிரித்தார். மின்னஞ்சல், உடனடிச் செய்தி போன்றவை வழித்தடங்கள்: அனுப்பியவரும் பெற்றவரும் மட்டுமே காண்பவை. இணையப் பக்கம், பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் விக்கி போன்றவை தளங்கள்: எழுதியது எல்லோர் கண்ணிலும் படும், நிலைத்து நிற்கும், பின்னால் வருபவர் தேடி எடுக்கலாம். வருங்காலம் தளங்களுடையது என்பது அவரது எதிர்பார்ப்பு. அதே 2006 இல் அமெரிக்க உளவு அமைப்புகள் தங்களுக்குள் இண்டெலிபீடியா என்ற விக்கியை முறைப்படி அறிவித்தன. யாமர், ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆகிய அலுவலகத் தொடர்புச் செயலிகள் பின்னர் வந்தன. பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்களில் இவை வேரூன்றின. ஓசூரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டிவிடும் அதே பெங்களூரிலிருந்து இவை மாநில எல்லையின் அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டி இந்தப் பக்கம் பெரிதாக வரவில்லை. இங்கே வென்றது வழித்தடம்.

அதற்குக் காரணம் அறியாமை அன்று. களத்தில் வேலை செய்பவர் கையில் கணினி இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசி உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை சரிந்தது. வாட்ஸ்அப்பைக் கற்றுக்கொடுக்கப் பயிற்சி வகுப்பு தேவைப்படவில்லை. நிதி ஒதுக்கீடு, டெண்டர், உரிமம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. தமிழில் தட்டச்சு செய்யத் தயங்குபவர் பொத்தானை அழுத்திப் பேசி அனுப்பிவிடலாம். அஞ்செட்டி மலைப்பாதையில் நிற்கும் ஒரு கிராம உதவியாளருக்கு இதைவிட ஏற்ற கருவியை எந்த அரசுத் துறையும் அதுவரை கொடுத்திருக்கவில்லை.

அது சிறப்பாகப் பயன்படும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, கேழ்வரகு முற்றும் காலத்தில், கர்நாடகத்தின் பன்னார்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாகச் சானமாவு வரை வருவது ஆண்டுதோறும் நடப்பது. கூட்டம் இன்றிரவு எந்த ஏரிக்கரையில் நிற்கிறது என்ற செய்தி காவலுக்குச் செல்லும் உழவருக்கும், அதிகாலையில் பூ பறிக்கச் செல்லும் பெண்களுக்கும் சில நிமிடங்களில் போய்ச் சேர வேண்டும். கோப்பும் குறிப்பும் அங்கே உதவா. அந்தச் செய்தியின் ஆயுள் ஓர் இரவு. மறுநாள் அதற்கு மதிப்பில்லை. ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி மண்டிகளின் விலையும் அப்படியே. காலையில் ஒரு பெட்டி என்ன விலைக்குப் போயிற்று என்பது பறிக்கலாமா, இன்னும் ஒரு நாள் செடியில் விடலாமா என்ற முடிவுக்கு மட்டுமே தேவை. ஆயுள் குறைந்த தகவலுக்கு வழித்தடமே போதும்.

சிக்கல், ஒரே நிகழ்வு இரண்டு ஆயுள் கொண்ட தகவல்களைப் பிறப்பிப்பதில் தொடங்குகிறது. யானை வந்து போன மறுநாள், மிதிபட்ட கேழ்வரகுக்கு இழப்பீடு கேட்டு மனு எழுத வேண்டும். சேதப் பரப்பு, புல எண், நேரில் பார்த்தவர் அறிக்கை, படங்கள் எல்லாம் வனத்துறை, வருவாய், வேளாண்மை ஆகிய மூன்று துறைகளின் மேசைகளில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இரவில் குழுவில் விழுந்த படங்கள் எவர் கைப்பேசியிலோ இருக்கின்றன. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால், அதனுள் பதிந்திருந்த இடக்குறிப்பும் எடுத்த நேரமும் உதிர்ந்துவிடுகின்றன. குழுவில் நேற்று சேர்ந்த புதிய அலுவலருக்கு முந்தைய செய்திகள் தாமாகத் தெரிவதில்லை. எச்சரிக்கைக்கு உதவிய அதே குழு, இழப்பீட்டுக்குக் கை கொடுப்பதில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. பேருந்து நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த வாகனங்கள் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்ட காணொளியைப் பார்க்காதவர் அன்று மாநிலத்தில் குறைவு. பார்த்தவர்களுக்கு அது எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, தண்ணீர் இப்போது ஏறுகிறதா வடிகிறதா என்பது தெரியாது. ஃபார்வர்டு செய்யும்போது முதலில் எடுத்தவர் பெயரும் நேரமும் கழன்றுவிடும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கு வரும் அழைப்பு, நேரத்தோடும் இடத்தோடும் பதிவாகக்கூடியது. ஒரே தெருவின் காணொளி பத்துக் குழுக்களிலிருந்து வந்து சேர்ந்தால், அது பத்துத் தெருக்களின் துயரமாகத் தோன்றலாம். கைப்பேசி இல்லாத, அல்லது மின்னேற்றம் தீர்ந்த ஒரு குடியிருப்பு எந்தக் குழுவிலும் தோன்றாமலே போகலாம். சத்தத்தின் அளவைத் தேவையின் அளவு என்று எடுத்துக்கொள்ளும் இந்தப் பிழை, பேரிடரில் மட்டுமல்லாமல் அன்றாட நிர்வாகத்திலும் உண்டு.

அரசுக்கு இதில் சட்டப் பக்கமும் இருக்கிறது. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது அதிகார அமைப்பின் வசம் அல்லது கட்டுப்பாட்டில் இருக்கும் தகவலைக் கேட்கும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. மின்னணு வடிவில் இருப்பதும் தகவல்தான். ஆனால், அலுவலரின் சொந்தக் கைப்பேசியில், சொந்த எண்ணில் கிடக்கும் உத்தரவு யார் வசம் இருக்கிறது? அவர் மாறுதலாகிப் போனபின், அல்லது கைப்பேசியை மாற்றியபின், அது எங்கே இருக்கிறது? மத்திய அரசின் மின்னணுவியல், தகவல் தொழில்நுட்பத் துறை 2012 இலேயே அரசு அமைப்புகளின் சமூக ஊடகப் பயன்பாட்டுக்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டு, இணையத்தில் தரப்படும் தகவலுக்கும் வழிகாட்டுதலுக்கும் பதிவுகள் காக்கப்பட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்த நெறிகள் முகநூல் பக்கத்தையும் ட்விட்டர் கணக்கையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அலுவலகமே ஒரு செய்திச் செயலிக்குள் குடியேறும் என்று அப்போது யார் கண்டது?

வேறு நாடுகளில் இதற்குப் பெரிய விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம், வால் ஸ்ட்ரீட்டின் 16 நிறுவனங்களுக்குச் சேர்த்து 110 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. ஊழியர்கள் சொந்தக் கைப்பேசிகளில் குறுஞ்செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் அலுவல் பேசினார்கள், அந்தப் பேச்சுகளை நிறுவனங்கள் பதிவாகக் காக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. பேசிய விஷயம் தவறா இல்லையா என்ற கேள்விக்கே அங்கு போகவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஓசூரின் பட்டறைகளுக்கு இந்தக் கதை தொலைவில் நடந்ததாகத் தோன்றலாம். அவர்களுடைய நிலை உண்மையில் அரசு அலுவலரின் நிலையைவிட ஆபத்தானது. ஏனெனில் இங்கே இழப்பு நேரே கைப்பணத்தில் விழுகிறது. வாகன உற்பத்திச் சங்கிலியில் இருப்பவர்களுக்குப் பொருந்தும் ஐஏடிஎஃப் 16949 தரநெறி, வாடிக்கையாளர் டிராயிங்கில் செய்யும் மாற்றத்தைப் பெற்ற 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும் என்றும், எந்தத் தேதியிலிருந்து அந்த மாற்றம் உற்பத்தியில் நடைமுறைக்கு வந்தது என்ற பதிவை வைத்திருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. நடப்பில் என்ன ஆகிறது என்றால், ஆலையின் பொறியாளர் டிராயிங்கின் ஒரு மூலையைப் படம் பிடித்து, சிவப்பு வட்டமிட்டு, ‘இந்த அளவை மட்டும் மாத்திடுங்க’ என்று குழுவில் போடுகிறார். பட்டறை உரிமையாளர் அதை இரவுப் பணி ஆபரேட்டருக்குத் தள்ளிவிடுகிறார். பர்ச்சேஸ் ஆர்டரில் பழைய ரிவிஷன் எண்ணே இருக்கிறது. மூன்று வாரம் கழித்து ஒரு லாட் ரிஜெக்ட் ஆகும்போது, ஆலையின் தரப்பிரிவு கையில் எடுப்பது பர்ச்சேஸ் ஆர்டரை. பட்டறைக்காரர் கையில் எடுப்பது கைப்பேசியை. அந்தப் பொறியாளர் இதற்குள் வேறு நிறுவனத்துக்குப் போயிருந்தால், குழுவில் அவர் பெயருக்குப் பதில் வெறும் எண் மட்டும் நிற்கலாம்.

பணம் பெறுவதிலும் தேதியே எல்லாம். 2006 ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, வாங்குபவர் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும், 45 நாட்களுக்குள் சிறு, குறு நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டும். சரக்கு வந்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், அது வந்து சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும். பன்னிரண்டாம் நாள் குழுவில் வந்து விழுந்த ‘பர்ர் இருக்கு, செக் பண்ணுங்க’ (பர்ர் என்பது வெட்டிய விளிம்பில் மிஞ்சும் உலோகப் பிசிறு) என்ற ஒற்றை வரியை ஆட்சேபம் என்று கொள்வதா? மின்னணு வடிவில் இருப்பதை எழுத்தாகவே ஏற்கலாம் என்று 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்வதால், ‘வாட்ஸ்அப்தானே’ என்று அதைத் தள்ளிவிட முடியாது. அதேபோல் அதை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63 ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட உதவும் கணக்கீட்டுக் குறியீட்டையும், குறிக்க வேண்டும். திரையைப் படம் பிடித்து அச்செடுத்துக்கொண்டு போவது போதாது.

கட்டைவிரல் குறி இன்னும் நுட்பமானது. அலுவலகக் குழுவில் அது ‘பார்த்தேன்’, ‘சரி’, ‘செய்துவிட்டேன்’, ‘தொல்லை செய்யாதீர்கள்’ என்ற நான்கில் எதுவாகவும் இருக்கலாம். 2021 இல் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு தானியக் கொள்முதலாளர், ஆளிவிதை ஒப்பந்தத்தின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி உறுதிசெய்யச் சொல்ல, விவசாயி கட்டைவிரல் குறியிட்டார். விலை ஏறியது, விதை வரவில்லை. அந்தக் குறியே கையொப்பத்துக்கு ஈடான சம்மதம் என்று 2023 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 82,000 கனடா டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. இந்திய நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றும் தோட்டக்காரரும் தரகரும், பருவத்தின் நடுவே விலை சரியும்போது ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட குறிகளை நினைத்துப் பார்க்கலாம். வாய்ப்பேச்சுக்கு அந்த மண்டிகளில் தனி மதிப்பு உண்டு. சாட்சிக்கு நாலு பேர் நிற்பார்கள். கைப்பேசியில் நடப்பது வாய்ப்பேச்சின் தோரணையில் எழுத்தின் விளைவைக் கொண்டிருக்கிறது.

நினைவில்லாதது ஒரு குறை என்றால், தெரியக் கூடாதவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடுவது மறு குறை. குழந்தைத் திருமணம் பற்றித் தகவல் தருபவரின் பெயர் வெளியே போகக் கூடாது என்பது இந்த மாவட்டங்களில் களப்பணி செய்யும் எவருக்கும் தெரியும். பலர் இருக்கும் குழுவில் அந்தப் பெண் குழந்தையின் பெயரையும் ஊரையும் போட்டு, ‘உடனே விசாரிக்கவும்’ என்று எழுதினால், அதிகாரி போய்ச் சேரும் முன் செய்தி அந்த வீட்டுக்கே போய்ச் சேர வாய்ப்புண்டு. பயனாளிகளின் ஆதார் எண், வங்கிக் கணக்குப் புத்தகப் படம், கர்ப்பிணிகளின் விவரம் ஆகியவையும் இப்படியே பலருடைய கேலரிகளில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கிடையே கிடக்கின்றன. 2023 இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்தபின் தரவை அழிக்கும் கடமையைப் பேசுகிறது, அரசு அமைப்புகளுக்கு அதில் விலக்கு இருந்தாலும். பலருடைய கைப்பேசியிலிருந்து ஒன்றை அழிப்பது எந்த அலுவலராலும் ஆகாத காரியம்.

வதந்தியைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது, அதனால் சுருக்கமாக. 2018 இல் குழந்தை கடத்தல் வதந்தி தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் உயிர்களைப் பறித்தது. நாட்டின் பல பகுதிகளில் நடந்த இத்தகைய கொலைகளுக்குப் பின் அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் தள்ள முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பரவிய போலிக் காணொளிகள், அவர்களை நம்பி இயங்கும் தொழில் நகரங்களை உலுக்கின. குழுவில் வேறொருவர் போட்டதற்காக, அட்மினாக இருப்பதாலேயே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் ஒரு வழக்கில் கூறியது, அந்தப் பொறுப்பைச் சுமந்திருந்த பலருக்கு ஆறுதல்.

மாற்றுக் கருவிகள் இல்லாமல் இல்லை. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-ஆபீஸ் மென்பொருளில் கோப்பு மின்வடிவில் நகர்கிறது. ஒவ்வொரு குறிப்பும் எழுதியவர் பெயர், நாள், நேரத்தோடு நிற்கிறது. டாட்டன்ஹாம் முறையின் ஒழுக்கத்தை அது திரைக்குக் கொண்டுவந்திருக்கிறது எனலாம். அதே மையத்தின் சந்தேஸ் என்ற செய்திச் செயலி அரசு ஊழியருக்கென்றே 2021 இல் அறிமுகமானது. தென்காசிக்கருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஸோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ என்ற செய்திச் செயலியை 2025 செப்டம்பரில் நாடே திடீரென்று பதிவிறக்கியது. மக்கள் பக்கத்தில், 1100 என்ற எண்ணும் முதல்வரின் முகவரித் துறையும் மனுவுக்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகின்றன. ஆட்சியரின் எக்ஸ் கணக்கை இணைத்துப் போடும் பதிவுக்கு வேகம் உண்டு, அந்த எண் கிடையாது. உடைந்த குழாயைச் சரிசெய்ய அந்தப் பதிவு போதும். பட்டா மாறுதலுக்குப் போதாது.

ஆனாலும் இ-ஆபீஸ் தாலுகா அலுவலகத்தின் மேசையோடு நின்றுவிடுகிறது. கீழே களத்தில் இருப்பவருக்கும் மேசைக்கும் நடுவில் குழுதான் பாலம். அந்த இடைவெளியை எவ்வளவு சுற்றறிக்கை போட்டாலும் நிரப்ப முடியாது. ‘அலுவல் செய்திகளுக்கு வாட்ஸ்அப்பைப் பயன்படுத்தக் கூடாது’ என்ற சுற்றறிக்கையே வாட்ஸ்அப்பில்தான் வந்து சேரும். நடைமுறையில் செய்யக்கூடியது சிறியது: குழுவில் எடுக்கப்பட்ட முடிவுகளை மட்டும் அன்று மாலைக்குள் ஒருவர் உரிய கோப்பில் ஏற்றுவது, பட்டறையில் என்றால், குழுவில் வந்த மாற்றத்தை அன்றே ஒரு மின்னஞ்சலாக எழுதி ஆலைக்கு அனுப்பி, ‘இதன்படி உற்பத்தியைத் தொடங்குகிறோம்’ என்று சொல்லிவிடுவது. இதற்கு மென்பொருள் வேண்டாம், பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும். ஆள் பற்றாக்குறை உள்ள அலுவலகத்தில் அந்த ஆளைத் தேடுவதுதான் மென்பொருள் வாங்குவதைவிடக் கடினம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

மற்றொரு தடை மொழியில் இருக்கிறது. களத்திலிருந்து வரும் தகவலில் பெரும்பகுதி குரல் பதிவு. குரல் பதிவைக் கோப்பில் கோக்க முடியாது, அதில் ஒரு பெயரைத் தேட முடியாது, ஒருவர் முழுதும் கேட்டு எழுதினால்தான் உண்டு. மொழிபெயர்ப்பு, பேச்சை எழுத்தாக்குதல் போன்றவற்றுக்கான கருவிகளை இந்திய மொழிகளில் தருவதற்காக மத்திய அரசு 2022 இல் பாஷினி திட்டத்தைத் தொடங்கியது. தமிழும் அதில் உண்டு. செய்தித்தாள் தமிழில் நிதானமாகப் பேசுபவரை இத்தகைய கருவிகள் நன்றாகவே பின்தொடர்கின்றன. ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து, நடுவே புல எண்ணையும் ஏரியின் உள்ளூர்ப் பெயரையும் சொல்லி, பைக் ஓடும் சத்தத்தோடு அனுப்பப்படும் பதிவைப் பிழையின்றி எழுதிக் கொடுக்கும் கருவி வந்தால், இ-ஆபீஸ் மேசையிலிருந்து களத்துக்கு இறங்க வழி பிறக்கும். அதுவரை, அந்தப் பதிவைக் கேட்டு எழுதும் வேலை தாலுகா அலுவலகத்தின் இளநிலை உதவியாளருடையது.